குழு கலைந்தது, கோப்பு எங்கே?

“மாமா, குழு கலைஞ்சா கடுதாசியும் கலைஞ்சிருமா?”

கட்டிலிற் கிடந்தபடியே என் மருமகள் கேட்ட கேள்வி இது. கேட்டவள் சிறுபிள்ளை அல்லள். எட்டாண்டுகள் வகுப்பறையில் நின்று தமிழ் கற்பித்தவள். தன்னாமுனையில், வாவிப் பக்கமாகத் திறந்த சாளரத்தின் அருகே அவளுடைய கட்டில் கிடக்கிறது. விடியற்புறத்தில் தோணிகள் கரைசேரும் அரவமும், மட்டக்களப்புக்கும் ஏறாவூருக்கும் இடையே ஓடும் பேருந்துகளின் இரைச்சலும் அந்த அறைக்குள் வந்து போகும். அவள் வெளியே போவது அருமை.

ஒரு காய்ச்சலோடு தொடங்கியது அவளது நோய். காய்ச்சல் ஒரு கிழமையில் விட்டது, களைப்பு விடவில்லை. தலைக்கு முழுகிக் கூந்தலைக் கோதி முடித்தாளாயின் அடுத்த இரண்டு நாளும் எழும்ப மாட்டாள். ஒரு பக்கத்தை வாசித்து முடிக்குமுன் முதல் வரி மறந்துவிடும். இரத்தத்தைச் சோதித்தார்கள், குறை ஒன்றும் காணவில்லை. படம் பிடித்துப் பார்த்தார்கள், அதிலும் குறையில்லை. குறை காணாத இடத்தில் ஊரார் குற்றம் கண்டார்கள். சோம்பல் என்றனர் சிலர்; மனக்கோளாறு என்றனர் சிலர்; கழிப்புக் கழிக்க வேண்டும் என்றனர் வேறு சிலர். நோயின் பெயரை ஒரு வைத்தியர் சொல்லக் கேட்பதற்கு அவள் ஆண்டுக் கணக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

நெடுநாள் நோயாளரின் நலன்குறித்து ஆலோசனை கூறுவதற்கென அமைக்கப்பட்ட சிறு குழுவொன்றின் முன் அவளும் நானும் ஒருமுறை போயிருந்தோம். நாற்காலியிற் சாய்ந்தபடியே அவள் பத்து நிமிடம் பேசினாள். எழுதுவினைஞர் ஒருவர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நிமிடத்துக்கு அவள் கொடுத்த விலை மூன்று கிழமைப் படுக்கை. பின்னர், அக்குழு யாது முடிவு செய்தது என்று அறிய நான் ஓர் அலுவலகத்துக்குச் சென்றேன். “அந்தக் குழுவைக் கலைத்துவிட்டார்களே, ஐயா. இனி எந்தக் கோப்பைத் தேடுவது?” என்றார் அங்கிருந்தவர். அவர் கடிந்து பேசவில்லை. இருக்கச் சொல்லித் தேநீரும் வருவித்தார். ஆயினும் வெறுங்கையோடுதான் திரும்பினேன். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அவள் கேட்ட கேள்வியே முதலில் நான் எழுதியது.

அன்று எனக்கு விடை தெரியவில்லை. விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோது, இதே நோயை முன்னிட்டு, இதே கேள்வியைக் கேட்டவர்கள் கடல்கடந்த நாடுகளிலும் உளர் என்பதை அறிந்தேன். அவர்கள் வரலாறு நமக்கும் பயன்படும் என்பதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

நோயைப்பற்றி முதலிற் சில சொற்கள். மருத்துவ உலகம் இதனை ‘மயால்ஜிக் என்செபலோமயலைடிஸ்’ என்றும், ‘நாட்பட்ட களைப்பு நோய்’ என்றும் இரு பெயரால் அழைக்கிறது. இரண்டாவது பெயரை நோயாளர் விரும்புவதில்லை. மண்வெட்டி பிடித்தவனுக்கும் களைப்பு உண்டு. உறங்கி எழுந்தால் அது தீரும். இந்நோயிலோ உறக்கம் களைப்பைத் தீர்ப்பதில்லை. சிறு முயற்சியும் உடலை முன்னிருந்த நிலையினும் கீழே தள்ளிவிடுகிறது. இந்தப் பின்விளைவே இந்நோயின் தலையாய அடையாளம் என 2015ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை எடுத்துரைத்தது. அந்நாட்டில் மட்டும் 8,36,000 முதல் 25 இலட்சம் வரையான மக்கள் இந்நோயுடையர் என்றும், அவர்களுட் பெரும்பாலார்க்கு நோய் இன்னதென்றே கண்டறியப்படவில்லை என்றும் அவ்வறிக்கை மதிப்பிட்டது. இன்னது நோய் என்று ஐயமற உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை இன்றளவும் நடைமுறைக்கு வரவில்லை.

பரிசோதனை இல்லாத நோய்க்குச் சான்று எது? நோயாளியின் சொல் ஒன்றே சான்று. அச்சொல்லை எழுதி வைத்த தாள் அதற்கு அடுத்த சான்று. ஆகவேதான் வேறெந்த நோயாளரினும் இந்நோயாளருக்குத் தாளும் கோப்பும் உயிர்நாடியாகின்றன.

தாள் இருந்தும் அதனைத் தவறாகப் படித்தால் என்ன நேரும் என்பதற்கும் இந்நோயின் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1955ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இலண்டன் றோயல் பிறீ வைத்தியசாலையில் இனந்தெரியாத நோயொன்று பரவியது. அங்கே பணிபுரிந்தோருள் 292 பேர் நோயுற்றனர். வைத்தியசாலையையே சில காலம் மூடிவைக்க வேண்டியதாயிற்று. பதினைந்தாண்டுகள் சென்றபின், 1970இல், உளமருத்துவர் இருவர் பழைய நோய்க்குறிப்பேடுகளை எடுத்து வைத்துப் படித்தனர்; நோயுற்றவர்களை நேர்கண்டு வினவினாரல்லர். படித்து முடித்து, இது கூட்டு ஹிஸ்டீரியாவாக இருத்தல் கூடும் என்று எழுதினர். நோயுற்றோரிற் பெரும்பாலார் பெண்கள் என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. அந்த ஒரு கட்டுரையின் நிழல் பல்லாண்டுகள் நோயாளர்மீது கவிந்து கிடந்தது. எழுதப்பட்ட ஏட்டை எழுதியவர் மட்டுமே படித்துக்கொண்டிருந்தால், அதில் யாரைப்பற்றி எழுதியிருக்கிறதோ அவருக்கு மறுத்துரைக்க வழியில்லை. ஆவணங்களைப் பார்க்கும் உரிமை அந்த வழியைத் திறந்துவிடுகிறது.

இனி அமெரிக்காவின் ஆலோசனைக் குழுவுக்கு வருவோம். 2002ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்தில், நாட்பட்ட களைப்பு நோய் ஆலோசனைக் குழு என்னும் பெயரால் ஒரு குழு அங்கே பட்டயம் பெற்றது. மருத்துவரும் ஆராய்ச்சியாளரும் நோயாளர் சார்பினரும் கூடி, நாட்டின் சுகாதார, மானுட சேவைகள் செயலாளருக்கு ஆலோசனை கூறுவதே அதன் பணி. அக்குழுவின் கூட்டங்களிற் பொதுமக்கள் பேச இடமிருந்தது. எழுந்து நடக்கமாட்டாத நோயாளர் தொலைபேசியிற் பேசினர், எழுதியும் அனுப்பினர். கூட்டக் குறிப்புகளும் சாட்சியங்களும் வெளியிடப்பட்டன. இந்நோயை நரம்பு மண்டல நோய்களின் வரிசையிற் சேர்க்க வேண்டும் என்று 2011இல் அக்குழு பரிந்துரைத்தது. 2022 ஒக்தோபர் முதலாம் நாள் அமெரிக்க நோய்க்குறியீட்டு அட்டவணையில் இந்நோய் அவ்வரிசையிலேயே தனிக் குறியீடு பெற்றது. அந்நாள் வந்தபோது குழு இல்லை. 2018ஆம் ஆண்டு செப்தெம்பரில் அதன் பட்டயம் காலாவதியாயிற்று. அரசு அதனைப் புதுப்பிக்கவில்லை.

குழு கலைந்ததும் அதன் தாள்களின் நிலை என்ன? இங்கேதான் சட்டத்தின் ஒரு சிறு தொடர் என் கண்ணிற் பட்டது. அமெரிக்காவில் ஆலோசனைக் குழுக்களுக்கென்றே 1972இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. புதுப்பிக்காத குழு ஈராண்டில் முடியும் என்பதும், கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதும், குறிப்புகளும் அறிக்கைகளும் வரைவுகளும் ஓரிடத்தில் யாவரும் பார்க்க வைக்கப்பட வேண்டும் என்பதும் அதன் விதிகள். எதுவரை வைக்க வேண்டும்? குழு இல்லாதொழியும் வரை! அதாவது, குழு உயிரோடு இருக்கும்வரை தாள் மேசைமீது கிடக்கும். குழு மறைந்தால் தாள் அலுமாரிக்குள் போய்விடும். போய்விடுமேயன்றி அழிந்துவிடாது. இத்தகைய குழுக்களின் முதன்மையான பதிவேடுகள் நிலையாகப் பேணப்பட்டுத் தேசிய சுவடிக்கூடத்தைச் சேர வேண்டியவை. ஆனால், மேசைமீது கிடந்ததை எடுத்துப் பார்த்தவன் இனிக் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். அவ்வளவே வேறுபாடு, அது பெரிய வேறுபாடு.

அந்தக் கதவின் பெயர் தகவற் சுதந்திரச் சட்டம். 1966 யூலை 4ஆம் நாள் சனாதிபதி ஜோன்சன் அதிற் கையொப்பமிட்டார். அச்சட்டத்தின்படி கேட்பவர் அந்நாட்டுக் குடியாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. தன்னாமுனையிற் கட்டிலிற் கிடப்பவளும் வொஷிங்டனுக்கு எழுதிக் கேட்கலாம். 20 வேலை நாட்களுக்குள் முடிவு கூறுதல் அத்திணைக்களத்தின் கடமை. காலம் நீளுவதும் உண்டு. ஒன்பது விலக்குகள் உண்டு. அதிகாரிகள் தமக்குள் நடத்திய கலந்துரையாடல் என்று சொல்லிக் கறுப்பு மையால் வரிகளை மறைப்பதும் உண்டு. எனினும் கேட்கும் உரிமை உரிமையே.

கேட்டுப் பெற்றதனால் யாது பயன் என்று வினவுவார்க்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவேன்.

முதலாவது, பணக்கணக்கு. இந்நோயின் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கிய பணம் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தில் வேறு வழியிற் செல்கிறது என்று அங்கேயே பணிபுரிந்த விஞ்ஞானி ஒருவர் 1998இல் வெளிப்படையாக முறையிட்டார். கணக்கேடுகளை வரவழைத்து ஆராய்ந்தனர். 1995 முதல் 1998 வரை இந்நோயின் பெயரில் எழுதப்பட்ட செலவு 2 கோடியே 27 இலட்சம் டொலர். அதில் 88 இலட்சம் டொலர் இந்நோயோடு தொடர்பில்லாத வேலைகளுக்குச் சென்றிருந்தது. இன்னும் 41 இலட்சம் டொலருக்குப் போதிய ஆவணமே இல்லை. 1999இல் வெளியான இந்தக் கணக்காய்வு, இல்லாத தாளும் ஒரு சான்று என்பதை எனக்கு உணர்த்தியது. எங்கே தாள் இருக்க வேண்டுமோ அங்கே அது இல்லையென்றால், அந்த இன்மையையும் எழுத்திற் பெற்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது நிகழ்ச்சி மருந்தைப் பற்றியது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் இந்நோயாளர் தேறுவர் என்று இங்கிலாந்தில் 641 நோயாளரை வைத்து நடத்திய ஆய்வொன்று 2011இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 22 பேர் குணமடைந்தனர் என்று 2013இல் அதே ஆய்வினர் எழுதினர். பல நோயாளர் தம் அனுபவம் இதற்கு மாறானது என்று கூறினர், யாரும் செவிகொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவிற் கடும் நோயோடு இருந்த ஒருவர், ஆய்வின் மூலத் தரவுகளை, பெயர் முதலிய அடையாளங்களை நீக்கிவிட்டுத் தருமாறு 2014இல் பிரித்தானியத் தகவற் சுதந்திரச் சட்டத்தின்கீழ்க் கேட்டார். பல்கலைக்கழகம் மறுத்தது. தகவல் ஆணையாளர் கொடுக்கச் சொன்னார். பல்கலைக்கழகம் மேன்முறையீடு செய்தது. 2016 ஓகஸ்டில் நடுவர் மன்றம் நோயாளியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆய்வு தொடங்குமுன் வகுத்திருந்த அளவுகோலை வைத்து அத்தரவுகளைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, குணமடைந்தோர் எந்தப் பிரிவிலும் நூற்றுக்கு 7 பேரைத் தாண்டவில்லை. பிரிவுகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடும் இல்லை. 2021 ஒக்தோபரில் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அந்தப் பயிற்சி முறையைக் கைவிட்டது. அம்மாற்றத்துக்குக் காரணங்கள் பல. படுக்கையிலிருந்து ஒருவர் எழுதிய விண்ணப்பமும் அவற்றுள் ஒன்று.

இவை பிறநாட்டுச் செய்திகள். நம் நாட்டில் நமக்கு என்ன உரிமை உண்டு?

தமிழ்கூறும் நல்லுலகம் இத்துறையிற் பின்தங்கியதன்று. இந்திய மாநிலங்களுள் முதன்முதலாகத் தகவலறியும் சட்டம் இயற்றியது தமிழ்நாடே, ஆண்டு 1997. ராஜஸ்தானத்தின் ஏழைக் கூலியாட்கள் தம் கூலிப் பதிவேட்டைக் காட்டும்படி தொடுத்த கிளர்ச்சியும் சேர்ந்து வளர்ந்தே இந்தியா முழுமைக்குமான 2005ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. இலங்கையில் 2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் தகவலறியும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி வகுத்தது. 2017 பெப்ரவரி 3ஆம் நாள் அச்சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கும் வாயில் திறந்தது.

அச்சட்டத்தை நான் ஆசிரியன் பாடநூல் படிப்பதுபோல வரிவரியாகப் படித்தேன். கேட்பவர் இந்நாட்டுக் குடியாக இருத்தல் வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று யாரும் வினவ முடியாது. எழுதமாட்டாதவர் வாயாற் கேட்கலாம். அதனை எழுத்தில் வடித்தல் அலுவலரின் பொறுப்பு. 14 வேலை நாட்களுக்குள் முடிவு கூறுதல் வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் ஆணைக்குழுவிடமும், அதற்கும் மேலே மேன்முறையீட்டு நீதிமன்றத்திடமும் போகலாம். ஒருவரின் மருத்துவக் குறிப்பை அவருடைய எழுத்து மூலமான சம்மதமின்றிப் பிறருக்குத் தருதல் ஆகாது. இவ்விலக்கு நியாயமானதே. மறைக்க வேண்டிய பகுதியை மறைத்து எஞ்சியதைத் தரவும் சட்டத்தில் இடமுண்டு.

என் மருமகளின் கேள்விக்குரிய விடை 7ஆம் பிரிவிற் கிடைத்தது. அரசாங்க நிறுவனம் ஒவ்வொன்றும் தன் பதிவேடுகளை அட்டவணைப்படுத்திப் பேணுதல் வேண்டும். சட்டம் வருமுன் இருந்தவற்றைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 10 ஆண்டுகளேனும், புதிதாக உண்டானவற்றை உண்டான நாளிலிருந்து 12 ஆண்டுகளேனும் காத்தல் வேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. குழு இருக்கிறதா, கலைந்ததா என்ற பேச்சே அங்கில்லை. குழு விருந்தாளி, வீட்டுக்காரர் அதனை அமைத்த நிறுவனம். விருந்தாளி போய்விட்டார் என்பதற்காக அவர் வைத்துச் சென்ற பொருளுக்கு வீட்டுக்காரர் பொறுப்பில்லை என்று சொல்லலாகுமா?

மறுபடியும் அதே அலுவலகத்துக்குப் போனேன். இம்முறை ‘குழு என்ன செய்தது?’ என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் ‘தெரியாது’ என்பதும் ஒரு விடையாகிவிடும். தாள்களைப் பெயர்சொல்லிக் கேட்டேன்: குழுவை நியமித்த கடிதம், அங்கத்தவர் பட்டியல், கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலும் குறிப்பும், பொதுமக்கள் கூறியவற்றின் பதிவு, பரிந்துரைகள், அவற்றின்மேல் எடுத்த நடவடிக்கை, குழுவைக் கலைத்த கட்டளை, கோப்பு எங்கு ஒப்படைக்கப்பட்டது என்பதற்கான பதிவு. இந்த எட்டையும் இலக்கமிட்டு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சீட்டையும் வாங்கிக்கொண்டேன். முன்பு தேநீர் தந்தவரே இப்போதும் இருந்தார். “இப்படிக் கேட்டால் தேடலாம், ஐயா” என்றார். தவணைக்குள் மறுமொழி வந்தது. அவர்மீது எனக்கு வருத்தமில்லை. முன்னர் அவருக்கு விதி இல்லை. எனக்குக் கேட்கும் முறை தெரியவில்லை.

வந்தவை ஒன்பது தாள்கள். நியமனக் கடிதம் இருந்தது. மூன்று கூட்டங்களின் குறிப்புகள் இருந்தன. பரிந்துரை என்று எதுவும் இல்லை. கலைத்த கட்டளையும் இல்லை. எம்மைப்பற்றி என்ன இருக்கிறது என்று தேடினேன். இரண்டாவது கூட்டத்தின் குறிப்பிற் கடைசிக்கு முந்திய வரி: “பொதுமக்கள் சிலரும் கருத்துரைத்தனர்.”

பத்து நிமிடப் பேச்சு, மூன்று கிழமைப் படுக்கை, மூன்று சொற்கள். அதை அவளிடம் காட்டுவதா, மறைப்பதா என்று ஒருநாள் முழுவதும் எண்ணினேன். பிறகு காட்டினேன். அவள் அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். “நான் சொன்னதை இவர்கள் எழுதேல்ல, மாமா. நானே எழுதிக் குடுத்தா என்ன?” என்றாள்.

நாற்பது நாள் எழுதினாள். ஒரு நாளில் ஐந்து வரி. சில நாளில் ஒரு வரியுமில்லை. அன்று குழுவின்முன் சொன்னவற்றை நினைவிற் கொணர்ந்து நான்கு பக்கமாக்கினாள். அப்போது பேசியது தானே என்றும், இப்போது இதனை அக்கோப்போடு சேர்த்து வைக்குமாறும் கேட்டுக் கையொப்பமிட்டாள். பதிவுத் தபாலில் அனுப்பினோம். கோப்பில் சேர்ப்பார்களோ, மாட்டார்களோ, நான் அறியேன். ஆனால் அலுவலகம் பெற்றுக்கொண்ட கடிதமும் சட்டத்தின் கண்ணிற் பதிவேடுதான். பன்னிரண்டாண்டுகள் அது இருந்தாக வேண்டும். அதன் பிரதி ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இதனைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம்மூர்களில் எத்தனையோ குழுக்கள் கூடுகின்றன, கலைகின்றன. சிறுநீரக நோய்க்காக, நீருக்காக, பள்ளிக்கூடங்களுக்காக, காணாமற் போனோருக்காக என்று மக்கள் வெயிலில் வந்து நின்று தம் குறையைச் சொல்லிப் போகிறார்கள். சொன்னது எழுதப்பட்டதா என்று போய்க் கேளுங்கள். எழுதத் தெரியாத ஒருவருக்காக நீங்கள் எழுதிக் கொடுங்கள். தாளைப் பெயர்சொல்லிக் கேளுங்கள். சீட்டை வாங்கி வையுங்கள். சட்டம் வருமுன் இருந்த ஏடுகளுக்கு அது உறுதியளித்த காவல் பத்தாண்டுகளே என்பதையும் மறவாதீர்கள்.

அவள் இப்போது அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். அக்குழுவின் முன் பேசிய நோயாளரின் சாட்சியங்களுட் சிலவற்றை அவள் படித்திருக்கிறாள். தான் சொல்ல நினைத்ததையே எங்கோ ஒருத்தி சொல்லியிருக்கிறாள் என்று வியந்தாள். கலைத்ததுபற்றிய கடிதங்களைப் பார்க்க வேண்டுமாம். இன்று காலையில் மூன்று வரி எழுதி முடித்திருந்தாள்.